போலீஸுக்கு ஒரு தட்டு

கடையின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு செங்கல் உள்ளே வந்து விழுந்தபோது, வெர்டெல் ஹப்பர்ட் பள்ளி விட்டு வரப்போகும் பிள்ளைகளுக்காக ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சில்லுகள் மேசையெங்கும் தெறித்தன. ஒன்று அவள் புறங்கையைக் கீறியது. அவள் கத்தவில்லை. முதல் வேலையாக ரொட்டி முழுவதையும் வாரிக் குப்பைத்தொட்டியில் கொட்டினாள். கண்ணாடி கலந்த ரொட்டியை எந்தப் பிள்ளையாவது தின்று தொலைத்தால் அதற்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்.

பின்னறையிலிருந்து தம்பி லின்வுட் ஓடி வந்தான். செங்கல்லைக் காலால் ஒதுக்கினான். செயின்ட் லூயிஸ் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் செங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆளில்லாத வீடுகளைத் திருடர்கள் சுவர் சுவராகக் கழற்றி விற்கும் இடம் இது. யார் எறிந்தார்கள் என்று அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா இத?" என்று கைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

படத்தில் அவனேதான் இருந்தான். பெல்வின் தெரு முனையில், சனிக்கிழமைதோறும் தெருவுக்கே கறி சுட்டுப் போடும் அடுப்புக்கு முன்னால், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையப் பன்றிக்கறியை ஆபீசர் பெட்டிஸின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். பெட்டிஸ் முழுச் சீருடையில் இருந்தார். கீழே, 'சமூகமும் காவல்துறையும் கைகோத்துப் போதையை ஒழிக்கின்றன!' என்று எழுதியிருந்தது. ஆச்சரியக்குறி வேறு.

"யாருடா போட்டது?"

"உன் அறக்கட்டளைச் சிநேகிதிதான், வேற யாரு? ஊருக்கே தெரியிற மாதிரி போட்டிருக்கா. தெருவுல ஒவ்வொருத்தன் போன்லயும் இதுதான் ஓடுது. முந்தாநாள் முனையில விக்கிற ஜாவாரிஸோட சித்தப்பா பையன் வீட்டுக் கதவ உடைச்சுப் போலீஸ் அவன அள்ளிட்டுப் போச்சில்ல? ரெண்டுக்கும் முடிச்சுப் போட எவ்ளோ நேரம் ஆவும்க்கா?"

வெர்டெல் படத்திலிருந்த தட்டைப் பார்த்தாள். அந்தத் தட்டை அவன் கையில் திணித்தவளே அவள்தான்.

கடை என்று சொன்னாலும் அது கடை இல்லை. மூடிப்போன முடிதிருத்தும் நிலையம். தலை உலர்த்தும் நாற்காலிகளில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். அலமாரியில் ஷாம்பூ இருந்த இடத்தில் போதை மிஞ்சி மூச்சு நின்றவர்களுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து இருந்தது. சுவரில் 'பெல்வின் தெருக் கூட்டம்' என்று கையால் எழுதிய பலகை. ஃபென்டனில் என்ற போதைமருந்து வந்த பிறகு இந்தத் தெருவில் சவ ஊர்வலம் போகாத மாதம் இல்லை. அரசாங்கம் வரும் வரும் என்று பார்த்து அலுத்துப்போய், வெர்டெலும் இன்னும் சில பெண்களும் ஆரம்பித்த கூட்டம் அது.

அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் ஒன்று உண்டு. அதை எந்த அறக்கட்டளையிலும் வெளியே சொல்ல முடியாது. பள்ளி விடும் நேரத்தில் லின்வுட் போய்த் தெருமுனையில் நிற்பான். அவன் நின்றால் விற்கிற பையன்கள் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பிள்ளைகள் எல்லாரும் கடந்து போகும்வரை ஒரு பொட்டலம் கைமாறாது. பள்ளிப் பிள்ளைக்கு எவனும் விற்கவும் மாட்டான். லின்வுட் ஒருகாலத்தில் அதே முனையில் விற்றவன், அதற்காகச் சிறையில் கிடந்தவன், உள்ளே ஒருத்தன் பெயரையும் வாய் திறந்து சொல்லாதவன். அந்த மரியாதைக்காகத்தான் ஒதுங்கினார்கள். போலீஸோடு சம்பந்தமே இல்லை என்பதுதான் இதற்கெல்லாம் அஸ்திவாரம்.

ஆனால் மானியம் கொடுக்கிறவர்களுக்கு அஸ்திவாரம் எங்கே தெரியப்போகிறது? கூட்டத்தில் பன்னிரண்டு வகை ஆட்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பாதிரியார் இருந்தார், பள்ளி ஆசிரியை இருந்தாள், நர்ஸ் இருந்தாள், கோழிக்கடைக்காரர்கூட இருந்தார். போலீஸ் நாற்காலி மட்டும் காலி. "அது இல்லாம கமிட்டி தொடவே தொடாதுங்க" என்றாள் அறக்கட்டளையின் மெரடித். நல்லவள்தான்; ஒவ்வொரு தடவை வரும்போதும் வெர்டெலைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்குவாள். கண்கலங்கி முடித்ததும் விதியைச் சொல்வாள்.

மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. வாடகை பாக்கி. வெர்டெல் பெட்டிஸைக் கூப்பிட்டாள். அவர் இதே தெருவில் பிறந்து வளர்ந்தவர், மற்றவர்களைவிடத் தேவலாம். தெரு விழிப்பதற்கு முன்னால் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடட்டும், மெரடித்தின் கோப்புக்குள் கிடக்கட்டும் என்று கணக்குப் போட்டாள்.

அதில்தான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். அந்தச் சனிக்கிழமை அடுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் கையால் தட்டு வாங்குகிறாயோ அவர் உனக்குப் பொறுப்பு. அடுப்பருகே எதிரிகள் வந்து நின்றாலும் தட்டுக் கொடுத்தவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். லின்வுட் "நான் குடுக்க மாட்டேன்க்கா, நீயே குடு" என்றுதான் சொன்னான். "நான் குடுத்தா அது கூட்டம் குடுத்தது. நீ குடுத்தாத்தான் தெரு குடுத்த மாதிரி இருக்கும், மெரடித்துக்கு அதான் வேணும்" என்று கெஞ்சிச் சிரிக்கச் சொன்னவள் வெர்டெல். அவனும் சிரித்துத் தொலைத்தான்.

"இன்னிக்கு முனைக்குப் போகாத" என்றாள் இப்போது.

"போகலேன்னா அது நெஜம்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவளும் பின்னாலேயே போனாள். பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். லின்வுட் வழக்கமான இடத்தில் போய் நின்றான். ஒருத்தனும் ஒதுங்கவில்லை. ஜாவாரிஸ் சுவரில் சாய்ந்து சிவப்பு மிளகாய்த் தூள் போட்ட சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இராது. அந்த முனை அவனுடையது.

"வாங்கண்ணே" என்றான். "தட்டு கொண்டாரலியா? எங்களுக்கும் பசிக்குதில்ல."

பையன்கள் சிரித்தார்கள்.

"ஜாவாரிஸ், உங்கிட்டத் தனியாப் பேசணும்."

"போலீஸ்கிட்டத் தனியாப் பேசினது பத்தலியா?"

அவன் தலையை அசைத்தான். அவ்வளவுதான். முதல் அடி பின்னாலிருந்து வந்தது. துப்பாக்கியின் பிடி காதுக்கு மேலே இறங்கியது. லின்வுட் முழங்காலிட்டான். அப்புறம் மூன்று பேர் காலால் மிதித்தார்கள், விலாவில், முகத்தில், கையூன்றி எழ முயன்றபோது கையில். விரல் முட்டி ஒன்று நொறுங்கும் சத்தம் வெர்டெலுக்கே கேட்டது. பிள்ளைகள் புத்தகப்பையோடு அப்படியே நின்றார்கள். ஒரு சின்னப் பெண் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். வெர்டெல் ஓடிப்போய் அவன் மேல் குப்புற விழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவை இந்த முனையில பாத்தேன்னா எந்திரிக்க மாட்டான் மிஸ் வெர்டெல்" என்றான் ஜாவாரிஸ். மரியாதையாகத்தான் சொன்னான். "ஊரவிட்டே அனுப்பிடுங்க."

வீட்டில் லின்வுட்டின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மெம்ஃபிஸில் பெரியம்மா மகள் இருக்கிறாள், பஸ் ஏறிப் போ என்றாள். அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "நான் உள்ள இருந்தப்பகூட எவனும் என்னைக் காட்டிக்குடுத்தவன்னு சொன்னதில்ல. ஓடிப்போனா சாவுறவரைக்கும் அந்தப் பேருதான். நாளைக்கும் போய் நிப்பேன். சுட்டா சுடட்டும்."

சொன்னால் செய்கிறவன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். அம்மா போய்விட்டாள், நடுத் தம்பியைப் போதை ஊசி கொண்டுபோயிற்று. இவனையும் மண்ணில் வைத்துவிட்டு அவள் எந்தத் தெருவைக் காப்பாற்றப்போகிறாள்?

மெரடித்தைக் கூப்பிட்டாள். "அந்தப் படத்த எடுத்துடுங்க, இப்பவே."

"ஐயோ, ஏங்க? கமிட்டில எல்லாருக்கும் அவ்ளோ பிடிச்சிருந்துச்சு! நம்பிக்கைய அப்படியே கண்ணால பாத்த மாதிரி இருக்குன்னு சொன்னாங்க."

"என் தம்பியக் கொல்லப்போறாங்க."

மறுமுனையில் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது. "அப்போ போலீஸ்ல சொல்லுங்க வெர்டெல். அதுக்குத்தானே கூட்டாளியா சேத்திருக்கோம்?"

வெர்டெல் கைபேசியை வைத்துவிட்டாள். இதற்கு மேல் அந்தம்மாவிடம் என்ன பேசுவது? படம் அன்று மாலையே நீக்கப்பட்டது. அதனால் ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்று.

மறுநாள் லின்வுட் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் தனியாகக் கிளம்பினாள். ஜாவாரிஸ் பகலில் உட்காரும் இடம் பழைய டயர் கடையின் பின்முற்றம். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் அவளைத் தடவிச் சோதித்தார்கள். அவள் கைகளை விரித்துக் கொடுத்தாள்.

"தைரியம் ஜாஸ்திதான் உங்களுக்கு" என்றான் ஜாவாரிஸ், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தபடி.

"தட்டக் குடுக்கச் சொன்னது நான். அவன் மாட்டேன்னான். போலீஸ் இல்லாம மானியம் வராதுன்னாங்க, அதனால நான்தான் கெஞ்சினேன்."

"அப்போ பணத்துக்கு எங்கள வித்துட்டீங்க."

விற்கவில்லைதான், ஆனால் விலை பேசிப் பார்த்த மாதிரிதான் ஆகிவிட்டது. "யாரு பேரும் போகல ஜாவாரிஸ். அவன் வாயிலேர்ந்தும் போகல, என் வாயிலேர்ந்தும் போகல."

"நான் எப்படி நம்பறது?"

"உங்க வழக்கத்துல தப்புக்கு அடி உண்டுல்ல? கையத் தூக்காம நின்னு வாங்கிட்டா அதோட முடிஞ்சுது, அப்புறம் அவன எவனும் தொடக்கூடாது. தப்பு என்னுது. என்னை அடிச்சு முடிச்சுக்க. அவன விட்டுடு."

ஒரு பையன் கெக்கெக்கே என்று சிரித்தான். ஜாவாரிஸ் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நான் பொம்பளைங்க மேல கை வைக்க மாட்டேன்." ஜாவாரிஸ் முற்றத்தின் மறுபக்கம் திரும்பினான். "பொம்பளைங்க வைக்கலாம். கேமியா! டெல்ஃபின்! இங்க வாங்கடி."

கேமியாவை வெர்டெலுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் சலவைக்கடைக் கழிவறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவள் அவள். மருந்தை மூக்கில் அடித்து, மார்பை அழுத்தி, கன்னத்தில் அறைந்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தது வெர்டெலின் கைதான்.

"என்னால முடியாதுப்பா" என்றாள் கேமியா.

"முடியலேன்னா அவங்க பக்கத்துல போய் நீயும் நில்லு."

கேமியா கிட்டே வந்தாள். மோதிரங்களைக் கழற்றினாள், பிறகு எல்லாரும் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "கண்ண மூடிக்குங்க மிஸ் வெர்டெல்" என்று உதடு அசையாமல் சொன்னாள். முதல் குத்து அவளுடையதுதான். மூக்கு உடைந்தது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கி இருமல் வந்தது. டெல்ஃபின் தலைமுடியைப் பிடித்து வளைத்து முழங்காலால் முகத்தில் இடித்தாள். வெர்டெல் கீழே விழுந்தாள், எழுந்து நின்றாள். நிற்பதுதான் விதி. இரண்டு கைகளையும் பாவாடைத் துணியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அனிச்சையாகக்கூட உயர்ந்துவிடக் கூடாது என்று. கேமியா அழுதுகொண்டே அடித்தாள், அழுததனாலேயே பலமாக அடித்தாள். வயிற்றில், தாடையில், மறுபடி வயிற்றில். ஒரு பல் நாக்கில் வந்து கிடந்தது. மூன்றாம் தடவை விழுந்தபோது அவளால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்து, டயரைப் பிடித்து எழுந்தாள்.

"போதும்" என்றான் ஜாவாரிஸ். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "முடிஞ்சுது. உங்க தம்பிய எவனும் தொட மாட்டான். என் வாக்கு."

அந்த வாக்கைக் கேட்டதும் அந்த அடி எல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். உடைந்த மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு சந்து சந்தாக வீட்டுக்கு நடந்தாள். தம்பி கண்ணில் படாமல் முகத்தைக் கழுவிவிடலாம், நாலு நாள் பாதிரியார் வீட்டில் தங்கிவிடலாம் என்று போகிற வழியெல்லாம் திட்டம் போட்டாள். பைத்தியக்காரி. ஒரு தெருவின் குணமெல்லாம் தெரிந்தவளுக்கு, கூடப்பிறந்தவனின் குணத்தைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை.

லின்வுட் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"கீழ விழுந்துட்டேன்டா."

அவன் எழுந்து, அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். கன்னத்தில் மோதிரத்தின் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது.

"யாரு?"

"முடிஞ்சுபோச்சு லின்வுட். வாக்குக் குடுத்துட்டான். இனிமே உன்னை எவனும் தொட மாட்டான். கேளுடா, நான் சொல்றதக் கேளு..."

அவன் கேட்கவில்லை. உள்ளே போனான். சமையலறைக் கூரைப்பலகையை நகர்த்தினான். அங்கே துப்பாக்கி இருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. சிறையிலிருந்து வந்தவன் துப்பாக்கியைத் தொட்டாலே திரும்ப உள்ளேதான். அது அவனுக்கும் தெரியும். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "நீ செத்துப்போனா நான் வாங்கின அடி எதுக்குடா?" என்று கத்தினாள்.

"உன்னை அடிச்சவன் உசுரோட இருந்தா நான் இருந்து எதுக்கு?" என்றான் அவன். நல்ல கையால் அவளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டயர் கடைக்கு நடந்து போகிற தூரம்தான். அங்கே எட்டுப் பத்துத் துப்பாக்கிகள் இருக்கும். இவனிடம் ஒன்று, அதுவும் பழக்கமில்லாத இடது கையில். வெர்டெல் கைபேசியை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"பெட்டிஸ்? வெர்டெல் பேசறேன். என் தம்பி துப்பாக்கியோட டயர் கடைக்குப் போறான். சாம்பல் சட்டை, இடுப்புல இடது பக்கம். அவங்க கொல்றதுக்கு முன்னால புடிங்க. சுட்டுடாதீங்க பெட்டிஸ். என் தட்டுலேர்ந்து சாப்ட்டிருக்கீங்க. சுட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு ஓடினாள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. டயர் கடை வாசலில் லின்வுட் ஏற்கெனவே ஒரு குண்டு சுட்டிருந்தான். ஜாவாரிஸின் காரின் பின்கண்ணாடி உதிர்ந்து கிடந்தது. பையன்கள் காருக்குப் பின்னால் பதுங்கித் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலு மூச்சு விட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் சந்தின் இரண்டு முனையிலும் போலீஸ் கார்கள் சைரனோடு வந்து நின்றன. பையன்கள் வேலி தாண்டிச் சிதறி ஓடினார்கள். நடுவில் லின்வுட் மட்டும் துப்பாக்கியோடு தனியாக நின்றான். ஆறு போலீஸ்காரர்கள் அவன் நெஞ்சுக்குக் குறி வைத்தார்கள்.

வெர்டெல் குறுக்கே புகுந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, அவனுக்கும் அந்த ஆறு துப்பாக்கிகளுக்கும் நடுவில் நின்றாள். "போட்டுடு லின்வுட்! கீழ போட்டுடுடா!" பெட்டிஸ் தன் ஆட்களைப் பார்த்து "சுடாதீங்க, சுடாதீங்க" என்று அலறிக்கொண்டிருந்தார். எவன் விரல் முதலில் அசையும் என்று யாருக்கும் தெரியவில்லை.

லின்வுட் அக்காவைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியைக் கீழே போட்டான்.

நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். முகத்தைத் தாரில் அழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றி, உடைந்த கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். அவன் வலியில் ஊளையிட்டான். தெருவே வாசலில் நின்று பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கேமியா நின்றாள். வண்டியில் ஏற்றும்போது அவன் தலையைத் திருப்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "இப்ப நெஜமாயிடுச்சுக்கா."

மானியம் கிடைத்தது. மெரடித் அழுதுகொண்டே நல்ல செய்தி சொன்னாள். வெர்டெல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அலமாரி காலியாக இருந்தது, ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதுக் கண்ணாடி போட்டார்கள். மருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பிள்ளைகள் வரவில்லை. பள்ளி விடும் நேரத்தில் முனையில் யாரும் ஒதுங்குவதில்லை. சனிக்கிழமை அவள் அடுப்பு மூட்டினால் பெட்டிஸும் பாதிரியாரும் மட்டும் நின்று சாப்பிட்டார்கள். அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எதிரில் வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். மருந்துப் பொட்டலங்களை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சற்று நேரத்தில் காணாமல் போயிருக்கும். அது போதும் என்று தேற்றிக்கொண்டாள். போதவில்லை.

லின்வுட்டுக்கு ஒன்பது வருஷம் போட்டார்கள். பார்க்கும் நாள் வந்ததும் அவள் இரண்டு பஸ் மாறிச் சிறைக்குப் போனாள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். காவல்காரப் பெண் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அவரு வர மாட்டேன்னுட்டாரும்மா."

"அவனே சொன்னானா? அவன் வாயால?"

"ஆமா." அந்தப் பெண் பதிவேட்டை மூடினாள். "எனக்கு அக்கான்னு யாரும் கெடையாதுன்னாரு. மன்னிச்சுக்கோங்க."

"குரல் எப்படி இருந்துச்சு? சளி கிளி ஏதும் இல்லியே?"

"நல்லாத்தாம்மா இருக்காரு. அந்தக் கோடி வரைக்கும் கேக்குற மாதிரி கத்தினாரு."

"அப்போ சரி" என்றாள் வெர்டெல். அடுத்த முறைக்குப் பெயரைப் பதிந்துகொள்ள வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.